1645 மே மாசத்து கேம்ப்புக்கு பாட்டு தேடினது: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கிலாந்துல மிட்லண்ட்ஸ் பக்கம் ஒரு ரீஎனாக்ட்மென்ட் க்ரூப்ல அஞ்சு வருஷமா இருக்கேன். பழைய காலத்து சண்டை, முகாம், சமையல் எல்லாத்தையும் அந்தக் காலத்து உடுப்புலயே மறுபடி நடத்திக் காட்டுறதுதான் எங்க வேலை. எங்க க்ரூப் எடுத்துக்கிட்டது 1642லேர்ந்து 1651 வரைக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போர். முதலாம் சார்லஸ் ராஜா ஒரு பக்கம், பார்லிமென்ட் இன்னொரு பக்கம், நாங்க ராஜா பக்கத்து காலாட்படை, மொத்தம் முப்பது பேர் சொச்சம்.

போன வருஷம் ஆகஸ்ட் லாங் வீக்கெண்டுக்கு ஒரு பழைய கோட்டை இருக்குற இடத்துல ரெண்டு நாள் கேம்ப் போட கூப்பிட்டாங்க. கதைப்படி அது 1645 மே மாசம், ராஜா படை கைல இருக்குற ஒரு சின்ன ஊர். மத்தியானம் இருபது நிமிஷம், சாயங்காலம் இருபது நிமிஷம் பாட்டு வேணும்னு கேட்டாங்க, அதோட கூட "பாடுறதெல்லாம் அந்தக் காலத்துப் பாட்டாவே இருக்கட்டும், போர்டுல அப்படித்தான் எழுதி வைக்கப்போறோம்"னு ஒரு வரியும் சொன்னாங்க. அந்த ஒரு வரிதான் இந்த மொத்த வேலைக்கும் ஆரம்பம். அதுவரைக்கும் எங்க க்ரூப்ல பாட்டுன்னா யாருக்கு என்ன தெரியுமோ அத பாடுறதுதான். உடுப்புல ஒரு பட்டன் தப்பா இருந்தாக்கூட கேப்டன் விட மாட்டாரு, கையால தச்ச தையலானு திருப்பிப் பாப்பாரு, ஆனா பாட்டப் பத்தி யாரும் ஒரு கேள்வி கேட்டதில்ல. எனக்கு பாட்டு மேல ஆசை உண்டு, அதனால அந்தப் பொறுப்ப நானே கேட்டு வாங்கிக்கிட்டேன். கைல பத்து வாரம் இருந்துச்சு.

முதல் லிஸ்ட்ல இருந்தது

வழக்கமா பாடுற பதினாலு பாட்ட எழுதி ஒவ்வொண்ணா பாக்க ஆரம்பிச்சேன். முதல் ராத்திரியே ஆறு பாட்டு விழுந்துருச்சு.

எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சது "ஓவர் த ஹில்ஸ் அண்ட் ஃபார் அவே". 1706ல ஃபார்க்கர் எழுதுன ஒரு நாடகத்துலயும் அதே வருஷம் வந்த ஒரு பாட்டுத் தொகுப்புலயும் இது இருக்கு, அதுவே எங்க கதைக்கு அறுபது வருஷம் பிந்தினது. ஆனா நாங்க பாடிட்டிருந்த வரிகள் அதுவும் கிடையாது, 1990கள்ல வந்த ஒரு டிவி சீரியலுக்காக புதுசா எழுதுனது. "லிலிபுலேரோ", அதான் பிபிசி வேர்ல்ட் சர்வீஸ் செய்திக்கு முன்னாடி வந்துட்டிருந்த ட்யூன், அதோட வரிகள் 1680கள்ல ரெண்டாம் ஜேம்ஸ் ஆட்சியக் கிண்டல் பண்ணி வந்தது. 1645ல பாடினா பாட்டுல வர்ற ஆளுங்களே இன்னும் பதவிக்கு வரல. கப்பல் பாட்டு ஒண்ணு இருந்துச்சு, அது 19ஆம் நூற்றாண்டு. "பார்பரா ஆலன்" பழசுன்னு நானே நம்பிட்டிருந்தேன், ஆனா அதப் பத்தி கிடைக்குற முதல் குறிப்பே லண்டன்ல அரசாங்க அதிகாரியா இருந்த சாமுவேல் பீப்ஸோட டைரில 1666 ஜனவரி 2ஆம் தேதிதான். அதுக்கு முன்னாடியே பாட்டு இருந்திருக்கலாம், ஆனா "இருந்திருக்கலாம்"ங்கறத போர்டுல எழுத முடியாது.

"ஸ்கார்பரோ ஃபேர்" கொஞ்சம் சிக்கலானது. முடியாத வேலையெல்லாம் செஞ்சு காட்டச் சொல்ற அந்தக் கதை நிஜமாவே பழசு, 17ஆம் நூற்றாண்டுல அச்சான தாள் இருக்கு. ஆனா அந்தத் தாள்ல ஸ்கார்பரோவும் கிடையாது, பார்ஸ்லி சேஜ் ரோஸ்மேரி தைமும் கிடையாது, அதுல திரும்பத் திரும்ப வர்ற வரி காத்து போர்வைய அடிச்சுட்டுப் போறதப் பத்தினது. எல்லார் காதுலயும் இருக்குற மெட்டு 20ஆம் நூற்றாண்டுல வடக்கு இங்கிலாந்துல ஒரு பெரியவர் பாடக் கேட்டு எழுதுனது, 1966 ரெக்கார்டு வழியா உலகம் பூரா போச்சு. கதை ஒரு வயசு, வரி இன்னொரு வயசு, மெட்டு மூணாவது வயசு. இந்த ஒரு பாட்டுதான் எனக்கு மொத்த விஷயத்தையும் புரிய வச்சுது. அதுவரைக்கும் நான் "இந்தப் பாட்டு எப்பத்தது"னு ஒரே கேள்வியா கேட்டுட்டிருந்தேன், அது உண்மையில மூணு கேள்வி, எப்படிப் பாடினாங்கன்னு சேத்தா நாலு.

இன்னொண்ணு "த வேர்ல்ட் டர்ன்ட் அப்சைட் டவுன்". நாங்க பாடிட்டிருந்தது 1975ல எழுதுனது, 1649ல செயின்ட் ஜார்ஜ் ஹில்ல பொது நிலத்தத் தோண்டி பயிர் வச்ச டிக்கர்ஸப் பத்தினது. நல்ல பாட்டு, ஆனா முன்னூறு வருஷம் பிந்தினது. அதே தலைப்புல போர்க் காலத்துலயே வேற ஒரு பாட்டு இருக்குன்னு அப்பதான் கண்டுபுடிச்சேன், அதப் பத்தி பின்னாடி சொல்றேன், அதுலதான் நாங்க மாட்டுனோம்.

தப்பிச்சது கொஞ்சம்தான். "க்ரீன்ஸ்லீவ்ஸ்" 1580லயே லண்டன் அச்சுக்காரங்க சங்கப் பதிவேட்டுல இருக்கு. "த்ரீ ரேவன்ஸ்" 1611ல தாமஸ் ரேவன்ஸ்க்ராஃப்ட் போட்ட புத்தகத்துல மெட்டோடவே இருக்கு. அப்புறம் மார்ட்டின் பார்க்கர் 1643ல எழுதுன "வென் த கிங் என்ஜாய்ஸ் ஹிஸ் ஓன் அகெய்ன்", ராஜா பக்கத்து ஆளுங்களுக்கு இதவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது.

எங்க தேடினோம், என்ன தெரிஞ்சுது

க்ரூப்ல வரலாறு படிக்குற ஒரு பொண்ணு கூட சேந்துக்கிட்டா. அவ முதல்ல சொன்னது: சிடி அட்டைல "ட்ரெடிஷனல்"னு போட்டிருந்தா பழசுன்னு அர்த்தம் இல்ல, எழுதுனது யாருன்னு தெரியலன்னுதான் அர்த்தம். இன்னைக்கு நாட்டுப்புறப் பாட்டுன்னு பாடுறதுல பெரும் பகுதி செசில் ஷார்ப் மாதிரி ஆளுங்க 1903க்கு அப்புறம் கிராமத்துல வயசானவங்ககிட்ட கேட்டு எழுதுனது. அது விக்டோரியா காலத்து மனுஷங்க வாய்ல இருந்த வடிவம், அதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுங்கறதுக்கு அத சாட்சியா வைக்க முடியாது. ரவுட் நம்பர்னு ஒண்ணு இருக்கு, நாட்டுப்பாட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் குடுத்து வச்சிருக்குற பட்டியல், லண்டன் செசில் ஷார்ப் ஹவுஸ்ல இருக்குற லைப்ரரியோட சைட்ல தேடலாம். எங்க க்ரூப்ல ஒருத்தர் "இதுக்கு ரவுட் நம்பர் இருக்கு, அப்ப பழசுதான்"னு சொன்னாரு. அந்த எண் எந்தப் பாட்டு எந்தப் பாட்டோட சொந்தம்னு மட்டும்தான் சொல்லும், வயசு சொல்லாது.

வயசுக்கு வேண்டியது அச்சுத் தாள். அந்தக் காலத்துல ஒரே ஒரு தாள்ல பாட்ட அடிச்சு சந்தைலயும் தெருவுலயும் பாடிக்கிட்டே ஒரு பென்னிக்கு வித்திருக்காங்க. நம்ம ஊர்ல குஜிலிப் பாட்டுப் புத்தகம் வித்தாங்களே, கொலைச் சிந்து, ரயில் விபத்துச் சிந்துன்னு, கிட்டத்தட்ட அதேதான், தலைப்புக்கு கீழ "இன்ன பாட்டு மெட்டு"ன்னு போடுற வழக்கம் உள்பட. அந்த ஒத்துமையப் பாத்தப்ப எனக்கு ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ஏன்னா அதுக்கப்புறம் அந்தத் தாள எப்படிப் படிக்கணும்னு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கல. இந்தத் தாள்களோட படங்கள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான்ட்டா பார்பரா கேம்பஸ் ஆன்லைன்ல இலவசமா வச்சிருக்கு, பீப்ஸ் சேத்து வச்ச ஆயிரத்து எண்ணூத்துக்கும் மேல உள்ள தாள்களும் அதுல இருக்கு. ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரியும் தனியா வச்சிருக்கு.

இங்க ரெண்டு பிரச்சனை. தாள்ல பெரும்பாலும் வருஷமே இருக்காது, அச்சடிச்சவர் எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும் தொழில் பண்ணாருங்கறத வச்சு கணிச்சு போட்டிருப்பாங்க. நம்ம கைக்கு கிடைக்குற பிரதி 1670ல அடிச்சதா இருந்தாலும் பாட்டு அதுக்கு அம்பது வருஷம் முந்தினதா இருக்கலாம், அச்சுக்காரங்க சங்கப் பதிவேட்ட பாத்தா சில நேரம் அது தெரியும். ரெண்டாவது, தாள்ல மெட்டோட பேர் மட்டும்தான் இருக்கும், ஸ்வரம் இருக்காது. அதுக்கு க்ளாட் சிம்ப்சன் 1966ல போட்ட பெரிய புத்தகம்தான் துணை, எந்த மெட்டு எந்தப் பழைய ஏட்டுல ஸ்வரத்தோட இருக்குன்னு அதுல தேடிப் பாத்துடலாம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

ஷீட் ஒண்ணு போட்டு வரிக்கு ஒரு கட்டம், மெட்டுக்கு ஒரு கட்டம் வச்சோம். ரெண்டும் 1645க்கு முன்னாடி அச்சுலயோ கையெழுத்து ஏட்டுலயோ இருந்தா பச்சை. இல்லன்னா சிவப்பு. நடுவுல மஞ்சள் வேண்டாம்னு நினைச்சேன், ஆனா ஜான் ப்ளேஃபோர்டோட நடனப் புத்தகம் வந்து நின்னுச்சு. 105 நடனம், ஒவ்வொண்ணுக்கும் மெட்டு இருக்கு, எங்களுக்கு ஏத்த மாதிரி வாத்தியத்துல வாசிக்கலாம், ஆனா அச்சானது 1651. கண்டிப்பா பாத்தா வெளிய போகணும். நாங்க உள்ள எடுத்துக்கிட்டோம், காரணம் அது புதுசா இயற்றுன புத்தகம் இல்ல, ஏற்கனவே ஆடிட்டிருந்தத தொகுத்தது. அதுல "பிரின்ஸ் ரூப்பர்ட்ஸ் மார்ச்"னு ஒரு மெட்டு இருக்கு, ராஜா பக்கத்துத் தளபதி ரூப்பர்ட் 1646லயே இங்கிலாந்த விட்டுப் போயிட்டாரு, அவர் பேர்ல ஒரு மார்ச் வந்துச்சுன்னா அது அவர் இங்க குதிரைப் படை நடத்தினப்ப வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனா போர்டுல "1651ல அச்சானது"ன்னே எழுதிட்டோம், பாக்குறவங்க தெரிஞ்சுக்கட்டும்னு.

பார்வையாளருங்க கூட சேந்து பாடணும்னு கேப்டன் ஆசைப்பட்டாரு. கப்பல் பாட்டு போனதுல எல்லாருக்கும் இதுதான் பெரிய வருத்தம். அதுக்கு விடை ரேவன்ஸ்க்ராஃப்ட் கிட்டயே இருந்துச்சு. 1609ல அவர் போட்ட ரெண்டு புத்தகத்துலயும் ஒருத்தர் ஆரம்பிச்சு அடுத்தவர் கொஞ்சம் தள்ளி அதையே ஆரம்பிக்குற சுத்துப் பாட்டு நிறைய இருக்கு. "ஹே ஹோ, நோபடி அட் ஹோம்" அதுல ஒண்ணு, அஞ்சு நிமிஷத்துல கத்துக்கலாம். "த்ரீ ப்ளைண்ட் மைஸ்" கூட அதுல இருக்கு, இப்ப குழந்தைங்க பாடுறதுலேர்ந்து வேற மாதிரி வரி, வேற மாதிரி மெட்டு. சிப்பாய் பாட்டு வேணும்னா "வீ பி சோல்ஜர்ஸ் த்ரீ", நெதர்லாந்து சண்டைலேர்ந்து திரும்பி வந்த மூணு பேர் கைல காசு இல்லாம அரைகுறை ஃப்ரெஞ்ச் கலந்து பாடுறது. 1645ல இருந்த அதிகாரிங்க நிறைய பேர் வெளிநாட்டுச் சண்டைலதான் தொழில் கத்துக்கிட்டவங்க, அதனால அது எங்க கேம்ப்புக்கு அப்படியே ஒட்டுச்சு.

சங்கீதப் பாட்டும் சேத்தோம், அதாவது பைபிள்ல வர்ற தாவீதோட சங்கீதங்கள். பார்லிமென்ட் பக்கத்து ஆளுங்கதான் சங்கீதம் பாடுவாங்கன்னு ஒரு நினைப்பு எங்க எல்லார்கிட்டயும் இருந்துச்சு. அது தப்பு. 1644ல யார்க் நகரத்த முற்றுகை போட்டப்ப உள்ள இருந்த ராஜா பக்கத்து ஜனங்க ஞாயித்துக்கிழமை பெரிய கோயில்ல ஆர்கனோட சேந்து சங்கீதம் பாடினத தாமஸ் மேஸ் எழுதி வச்சிருக்காரு, பீரங்கிக் குண்டு ஜன்னல் வழியா உள்ள வந்து விழுந்தும் அந்தப் பாட்டு மாதிரி தன் ஆயுசுல கேட்டதில்லைங்கறாரு. அத படிச்சதுக்கப்புறம் நூறாவது சங்கீதம் இல்லாம சாயங்காலம் முடியக்கூடாதுன்னு முடிவு பண்ணேன். அதோட மெட்டு 1551லயே ஜெனீவாவுல வந்தது, இங்கிலீஷ் வரி 1561.

கஷ்டமான முடிவு கான்செர்ட்டினா, அதாவது ரெண்டு கையாலயும் அமுக்கி இழுத்து வாசிக்குற சின்ன துருத்தி வாத்தியம். எழுபது வயசான ஒரு ரிட்டயர்டு ஸ்கூல் டீச்சர், இருபது வருஷத்துக்கு மேல எங்க கேம்ப்புல அத வாசிக்குறவரு, ஆனா அது 19ஆம் நூற்றாண்டு வாத்தியம். கிட்டாரும் போகணும். ஃபிடில், ரெக்கார்டர், ட்ரம், அப்புறம் சிட்டர்ன்னு ஒரு கம்பி வாத்தியம், அந்தக் காலத்துல முடிவெட்டுற கடைல காத்திருக்குறவங்க வாசிக்கறதுக்குன்னு மாட்டி வச்சிருப்பாங்களாம், இதெல்லாம் இருக்கலாம். நான் பண்ண தப்பு, அவர்கிட்ட நேர்ல பேசாம சிவப்பு பச்சை போட்ட ஷீட்ட அப்படியே வாட்ஸாப் க்ரூப்ல போட்டுட்டேன். அவர் வழக்கமா பாடுற நாலு பாட்டும் சிவப்பு, வாத்தியமும் சிவப்பு. ரெண்டு வாரம் ரிகர்சலுக்கு வரல. கேப்டன் சொன்னதுக்கப்புறம் அவர் வீட்டுக்குப் போனேன். "பாட்டு தப்புன்னு நீங்க சொன்னது எனக்கு வருத்தம் இல்ல, முப்பது பேர் முன்னாடி சொன்னதுதான் வருத்தம்"னாரு. நான் மன்னிப்பு கேட்டேன். யார்க் கதைய அவருக்குப் படிச்சுக் காட்டுனேன், சங்கீதத்துக்கு குரல் எடுத்துக் குடுக்க அவரால மட்டும்தான் முடியும்னு சொன்னேன், அது உண்மையும் கூட. ஒருத்தர் வரி வரியா படிக்க மத்தவங்க பாடுற முறைய வைக்கலாமான்னு யோசிச்சோம், ஆனா அது 1645 ஜனவரில பார்லிமென்ட் ஏத்துக்கிட்ட வழிபாட்டு முறைல சொல்லியிருக்குறது, எதிர்ப் பக்கத்தோடது, அதனால அவர் ஆரம்பிக்க நாங்க சேந்துக்குறதுன்னு வச்சுக்கிட்டோம். கேட் மூடி ஜனங்க போனதுக்கப்புறம் யாரு எத வேணா வாசிக்கலாம், கான்செர்ட்டினா உள்பட, இதையும் அன்னைக்கே அவரோட உக்காந்து பேசி முடிவு பண்ணோம்.

அந்த ரெண்டு நாள்

சனிக்கிழமை மத்தியானம் நல்லா போச்சு. சுத்துப் பாட்ட மூணு குழுவா பிரிச்சு சொல்லிக்குடுத்தோம், சின்னப் பசங்க ஒரு குழு, அவங்கதான் கடைசி வரைக்கும் தடுமாறாம பாடுனாங்க.

சாயங்காலம் 1975 பாட்டுக்குப் பதிலா அதே தலைப்புல உள்ள பழைய பாட்ட பாடினோம். கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்த பார்லிமென்ட் நிறுத்துனத எதிர்த்து வந்தது, மெட்டு அந்த மார்ட்டின் பார்க்கர் பாட்டோட மெட்டேதான். பாடி முடிச்சதும் ஒரு வயசான அம்மா வந்து எங்க போர்ட காட்டி "இது 1645 மே தானே?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "அப்ப நேஸ்பி சண்டைல கிறிஸ்துமஸ் செத்துப்போச்சுன்னு எப்படிப் பாடுறீங்க? நேஸ்பி ஜூன் மாசம்ல?"ன்னாங்க. நேஸ்பி நடந்தது 1645 ஜூன் 14. எங்க கதைல இருக்குற சிப்பாய்ங்களுக்கு அந்தச் சண்டை இன்னும் நடக்கவே இல்ல, தோக்கப்போறோம்னே தெரியாது, அவங்க வாயாலயே அந்தத் தோல்வியப் பாட வச்சிருக்கேன். நான் அவங்களுக்கு நன்றி சொல்லி, அங்க மிச்சம் உக்காந்திருந்தவங்ககிட்டயும் இந்தப் பாட்டு 1646ல வந்தது, நாங்க தப்பா சேத்துட்டோம்னு சொன்னேன்.

ராத்திரி ஷீட்ட எடுத்துப் பாத்தேன். மெட்டு 1643, பச்சை. வரிக்கு "1640கள்"னு மட்டும் எழுதி பச்சை அடிச்சிருக்கேன். ஜார்ஜ் தாமசன்னு ஒரு புத்தகக்காரர் 1640லேர்ந்து 1661 வரைக்கும் லண்டன்ல வந்த அச்சு வெளியீடுகள இருபத்திரெண்டாயிரத்துக்கும் மேல சேத்து, கைக்கு வந்த தேதிய நிறைய தாள்ல கையாலயே குறிச்சு வச்சிருக்காரு, இந்தத் தாளுக்கும் 1646 ஏப்ரல் 8ன்னு தேதி இருக்கு. தேடினா கிடைச்சிருக்கும். ஒன்பது வாரம் ஒவ்வொரு பாட்டோட வயசையும் தேடின நான் அந்தப் பாட்டோட வரிய ஒரு தடவை நிதானமா படிச்சிருந்தாக்கூட நேஸ்பிங்கற பேர் கண்ணுல பட்டிருக்கும். முன்னூறு வருஷம் தள்ளியிருக்குற தப்பத் தேடிட்டிருந்ததால பத்து பதினோரு மாசம் தள்ளியிருக்குற தப்பு தெரியல.

ஞாயித்துக்கிழமை அத எடுத்துட்டு "செவி சேஸ்" போட்டோம். அது 16ஆம் நூற்றாண்டுலயே பேர் வாங்குன பாட்டு, ரொம்ப நீளம், அதனால பத்து சரணம் மட்டும். சாயங்காலம் கடைசில டீச்சர் நூறாவது சங்கீதத்த எடுத்துக் குடுத்தாரு. மைக் கிடையாது. மெதுவா, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, எல்லாரும் ஒரே குரல்ல. வந்திருந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மேல அந்த மெட்டு சர்ச்சுலேர்ந்து தெரியும், யாரும் கூப்பிடாமயே எழுந்து நின்னு பாடுனாங்க. நான் வேலை பாத்த அஞ்சு வருஷத்துல எங்க கேம்ப்புல அப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல.

அதுக்கப்புறம், மாத்துனது

கூப்பிட்டவங்களுக்கு ரெண்டாவது நாளே நேஸ்பி விஷயத்த எழுதி அனுப்பிட்டோம், அவங்க போர்டுல அந்தப் பாட்டு பேர எடுத்துட்டாங்க. அடுத்த வருஷமும் வரச் சொல்லியிருக்காங்க.

ஷீட்ல இப்ப ரெண்டு கட்டம் கூடுதல். ஒண்ணு, பாட்டுக்குள்ள வர்ற ஊர், ஆள், சண்டை, சட்டம் எல்லாத்தையும் தனியா எடுத்து எழுதி ஒவ்வொண்ணுக்கும் தேதி போடுறது. இன்னொண்ணு, கதை எப்ப நடக்குதுன்னு, வருஷம் மட்டும் இல்லாம மாசத்தையும் சேத்து எழுதுறது. "1640கள்"ங்கற சொல்ல ஷீட்லேர்ந்தே எடுத்துட்டோம். ரெண்டு பேர் தனித்தனியா பாத்து கையெழுத்து போட்டாதான் பச்சை, ஏன்னா நானும் அந்தப் பொண்ணும் பாட்ட ஆளுக்குப் பாதின்னு பிரிச்சுக்கிட்டதால ஒருத்தர் பாத்தத இன்னொருத்தர் பாக்கவே இல்ல.

சிவப்பு விழுற பாட்டு யாரோடதோ அவங்ககிட்ட முதல்ல நேர்ல போய் பேசுறேன், ஷீட்டு அதுக்கப்புறம்தான் க்ரூப்புக்குப் போகுது. டீச்சர் இப்ப சாயங்காலப் பொறுப்ப முழுசா எடுத்துக்கிட்டாரு, யார்க்ல பாடுனது எந்தெந்த மெட்டா இருக்கும்னு 1621ல ரேவன்ஸ்க்ராஃப்ட் போட்ட சங்கீதப் புத்தகத்த எடுத்து வச்சு தேடிட்டிருக்காரு. அடுத்த கேம்ப் கதைப்படி 1651 செப்டம்பர், வொர்செஸ்டர் சண்டைக்கு முந்தின ராத்திரி. ப்ளேஃபோர்டு புத்தகத்துக்கு இந்தத் தடவை விளக்கம் எழுத வேண்டியதில்ல, நேஸ்பி பாட்டையும் தாராளமா பாடலாம்.